இடைக்கால இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீரர் வில்லியம் மார்ஷலின் ஐந்து மகன்களும் வாரிசு இல்லாமல் இறந்தார்கள் என்றால், இன்று பலர் அவருடைய வம்சம் என்று சொல்லிக்கொள்வது எப்படிச் சரியாகும்?

சரிதான். மகன்கள் ஐந்து பேர் மட்டுமல்ல, அவருக்கு மகள்களும் ஐந்து பேர். அற்றுப்போனது ஆண் வழியும் மார்ஷல் என்ற குடும்பப் பெயரும்தான்.

இந்தக் குடும்பத்தின் சொத்து வந்ததே ஒரு பெண் வழியாக. மார்ஷல் ஒரு சாதாரண பிரபுவின் இளைய மகன். பிறந்த வீட்டிலிருந்து அவருக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. 1189இல் இசபெல் டி கிளேரை மணந்ததன் வழியாகத்தான் வேல்ஸில் பெம்ப்ரோக்கும் அயர்லாந்தில் லென்ஸ்டரும் கைக்கு வந்தன. லென்ஸ்டர் உரிமை இசபெலுக்கு அவருடைய அம்மா ஈஃபா வழியாக வந்தது. ஈஃபா, லென்ஸ்டர் மன்னர் டியர்மட் மக்மரோவின் மகள்.

மார்ஷல் 1219இல் இறந்தார். மூத்த மகன் வில்லியம் 1231இலும், ரிச்சர்டு 1234இல் அயர்லாந்துச் சண்டையில் பட்ட காயத்தாலும், கில்பர்ட் 1241இல் குதிரைப் போட்டியிலும் இறந்தார்கள். 1245 நவம்பரில் வால்டர், அடுத்த மாதமே ஆன்செல்ம். யாருக்கும் சட்டப்படியான பிள்ளை இல்லை. ஓர் ஐரிஷ் பிஷப்பின் சாபம் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்தார்கள். எனக்கு அதைவிட அதற்குப் பிறகு நடந்த பாகப்பிரிவினைதான் முக்கியமாகப் படுகிறது.

அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி மகன் இருந்தால் மூத்தவனுக்கே எல்லாம். மகள்கள் மட்டும் என்றால் சம பங்கு. அதனால் 1247இல் சொத்து ஐந்தாகப் பிரிந்தது. மூத்த மகள் மட்டில்டாவின் பங்கில் அயர்லாந்தின் கார்லோவும், பிரிக்க முடியாத, மன்னர் அவையின் மார்ஷல் பதவியும் பிகாட் குடும்பத்துக்குப் போயின. இன்னொரு மகள் இசபெலின் (அம்மாவின் பெயரேதான்) பிள்ளைகளுக்குக் கில்கென்னி, ஜோனின் மகளுக்கு வெக்ஸ்ஃபோர்டு. சிபிலுக்கு ஏழு மகள்கள் என்பதால் அந்தப் பங்கு ஏழாக உடைந்து, ஆளுக்கு மொத்தத்தில் 35இல் 1 பங்கு ஆனது! ஈவாவுக்கு நான்கு மகள்கள். அவர்களில் மாட், ரோஜர் மார்டிமரை மணந்தார்.

இங்கிருந்துதான் கிளைகள் விரிகின்றன. மார்டிமர் வழியில் பின்னால் நான்காம் எட்வர்டு மன்னர் வருகிறார். மார்ஷலின் மகள் இசபெலுக்குப் பிறந்த மகள் (இவர் பெயரும் இசபெல்தான்) ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்டியப் பிரபுவை மணந்தார். ஸ்காட்லாந்தின் மன்னரான ராபர்ட் புரூஸ் அவர்களுடைய பேரன். இரண்டு வழியாகவும் இன்றைய பிரிட்டிஷ் அரச குடும்பம் மார்ஷலின் வம்சமே.

உங்கள் வம்சாவளியை வரைவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். இந்தக் குடும்பத்தில் பாட்டி, மகள், பேத்தி மூவருமே இசபெல். ஜோன் என்றால் தாயும் மகளும். பெயரை மட்டும் நம்பினால் ஒரு தலைமுறை சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். இணையத்தில் உள்ள பல வரைபடங்களில் இதுதான் நடக்கிறது. அதனால் ஒவ்வொருவரையும் யாரை மணந்தார், எந்த நிலம் அவர் கைக்கு வந்தது என்று பார்த்து உறுதி செய்யுங்கள். கில்கென்னி இருந்தால் மகள் இசபெல் மணந்த கிளேர் குடும்ப வழி, வெக்ஸ்ஃபோர்டு இருந்தால் ஜோனின் மகள் மணந்த வலென்ஸ் குடும்ப வழி என்று அப்புறம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். விதவையின் பங்கையும் விட்டுவிடாதீர்கள். மூத்த மகன் வில்லியமின் மனைவி எலினோர், மன்னர் மூன்றாம் ஹென்றியின் தங்கை. அவர் சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்ற பிரபுவை மறுமணம் செய்த பிறகும் மார்ஷல் நிலத்தில் தன் பங்கு குறைந்துபோனது என்று பல ஆண்டுகள் வழக்காடினார். மன்னருக்கும் சைமனுக்கும் முற்றிய பகையில் அந்த வழக்குக்கும் இடம் உண்டு.