மஞ்சள் விளக்கு அடித்த பிஎஸ்3: பெட்டியை விடுங்கள், கணக்கைப் பிடியுங்கள்

கேள்வி: டுபாயில் வேலை செய்த சித்தப்பா 2008 இல் கொண்டுவந்து தந்த பிஎஸ்3 (சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டி) ஒன்று வைத்திருக்கிறேன். 40 ஜிபி, தடித்த மாடல். போன மாதம் போட்டபோது பச்சை விளக்கு வந்தது, ஒரு கணம் மஞ்சள் அடித்தது, மூன்று தரம் ‘பீப்’ என்றுவிட்டுச் சிவப்பு மின்னத் தொடங்கியது. சோனியின் உதவிப் பிரிவோடு மூன்று வாரமாக இழுபடுகிறேன். ஒவ்வொரு முறையும் புதிய ஆள், அதே கேள்விகள். நாடு கேட்கிறார்கள், பட்டியலில் இலங்கையே இல்லை, கடைசியில் வாங்கிய கடையில் கேளுங்கள் என்று முடித்துவிடுகிறார்கள். இங்கே ஒருவர் 12,000 ரூபாவுக்குச் சிப்பைச் சூடாக்கிச் சரிசெய்கிறேன், மூன்று மாத உத்தரவாதமும் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தந்தால் வேறு பிஎஸ்3இல் போட்டு எல்லாவற்றையும் எடுத்துத் தருவாராம். பெட்டி போனால் போகட்டும். மெல்பேர்னுக்குப் போய்விட்ட தம்பியும் நானும் வருடக்கணக்காக விளையாடிச் சேமித்தவை உள்ளே இருக்கின்றன. காசு கொடுத்து இறக்கிய எட்டு விளையாட்டுகளும் இருக்கின்றன. பிளேஸ்டேஷன் கணக்கை 2010 இல் ஒரு கடைக்காரர் ‘அமெரிக்கா’ என்று போட்டுத் திறந்து தந்தார். தொடர்ந்து முறையிடுவதா, விடுவதா?

வாசகர், வெள்ளவத்தை

பதில்: பெட்டியைப் பற்றி முறையிடுவதை இன்றோடு விடுங்கள். பிஎஸ்3 2006 இல் வெளிவந்தது. ஜப்பானில் 2017 இல் உற்பத்தியையும் நிறுத்திவிட்டார்கள். உங்களுடையதற்கு இருந்த உத்தரவாதம் ஒரு வருடம், அதுவும் வாங்கிய நாட்டில். சித்தப்பா கையில் கொண்டுவந்த பொருளுக்கு இந்த ஊரில் யாரும் எதையும் எழுதித் தரவில்லை. அரட்டையில் பதில் சொல்கிற பிள்ளைக்கும் இது முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் தொடர் இலக்கம் கேட்டு, பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டு, மூன்று வாரம் கழித்து ‘வாங்கிய கடை’ என்று முடிக்கச் சொல்லித்தான் அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. பழைய மாடலுக்கு நாங்கள் திருத்தித் தருவதில்லை என்று முதல் வரியிலேயே போட்டால் ஆயிரம் பேருடைய நேரம் மிச்சமாகும். போட மாட்டார்கள்.

ஆனால் அதே உதவிப் பிரிவால் உங்களுக்கு இன்னும் ஒரு பிரயோசனம் உண்டு. அது உங்கள் கணக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 12,000 ரூபாவை உங்கள் பொக்கெட்டிலேயே வைத்திருங்கள்.

தடித்த பிஎஸ்3இல் படம் வரைகிற சிப் பழைய ரகம், அதிகம் சூடாகும். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, உள்ளே இருக்கும் மிக நுண்ணிய ஈயப் புள்ளிகளில் வெடிப்பு விழுகிறது. வெளியிலிருந்து சூட்டுத் துப்பாக்கியைப் பிடித்தால் வெடித்த இடங்கள் கொஞ்சம் விரிந்து ஒன்றையொன்று தொடும். பச்சை விளக்கு எரியும், வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். ஒட்டியதாக நினைக்க வேண்டாம், தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறது. சில மணி நேரம் நிற்கும், சிலது சில வாரம் நிற்கும். 2011 வாக்கில் நானும் இப்படிச் சூடாக்கிக் கொடுத்தவன்தான். கிட்டத்தட்ட எல்லாப் பெட்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு ஐயா மூன்றாவது தரம் வந்தபோது பெட்டியை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் நின்றார். அன்றோடு அந்தத் தொழிலை விட்டேன்.

‘மூன்று மாத உத்தரவாதம்’ எப்படி நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாரம் பெட்டி படுக்கும். கொண்டுபோவீர்கள். இலவசமாக மறுபடி சூடாக்குவார். ஐந்தாவது வாரம் படுக்கும், மறுபடி சூடாக்குவார். ஒவ்வொரு சூட்டிலும் போட் (சிப்புகள் பொருத்திய பலகை) கொஞ்சம் வளையும், பக்கத்தில் உள்ள சின்னச் சாமான்களும் கெடும். மூன்று மாதம் முடிந்ததும் “போட் போயிட்டுது, அண்ணை. பாட்ஸுக்கு எடுக்கிறேன், இரண்டாயிரம் தாறேன்” என்பார். உங்கள் பெட்டியின் பவர் சப்ளை, டிஸ்க் வாசிக்கும் லென்ஸ், ஹார்ட் டிஸ்க் மூன்றும் நல்ல நிலையில் அவரிடம் போய்ச் சேரும். அவருக்கு லாபம் அதில்தான். திருத்தக் கொடுக்கும் எந்தப் பெட்டியானாலும் கொடுப்பதற்கு முன் பின்பக்க லேபலையும் ஹார்ட் டிஸ்க்கின் இலக்கத்தையும் போனில் படம் எடுங்கள். ஸ்குரூத் தலைகளில் வீட்டில் கிடக்கும் நகப்பூச்சு ஒரு துளி வையுங்கள், கழற்றினால் தெரிந்துவிடும். கடையில் கொடுக்கும்போது அவர் கண் முன்னாலேயே அந்தப் படங்களைக் காட்டுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது ஆள், ஹார்ட் டிஸ்க் கேட்கிறவர், இவரை விட ஆபத்தானவர். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, தெரியாதவராக இருந்தாலே போதும். பிஎஸ்3 தன் ஹார்ட் டிஸ்க்கைத் தனக்கு மட்டும் புரியும் விதமாகப் பூட்டி எழுதுகிறது. சாவி உங்கள் போட்டில் இருக்கிறது. பக்கவாட்டு மூடியைத் திறந்து அந்த நீல நிற ஸ்குரூவைக் கழற்றினால் டிஸ்க் கையோடு வரும், அவ்வளவு சுலபம். அந்தச் சுலபம்தான் ஆட்களை ஏமாற்றுகிறது. வேறு பிஎஸ்3இல் போட்டால் அது திறக்காது. இதை அழித்துப் புதிதாக அமைக்கவா என்று திரையில் கேட்கும். யாரோ ஒருவர் ‘ஆம்’ அழுத்துவார். தம்பியோடு விளையாடிய அத்தனை வருடமும் ஒரு நிமிடத்தில் போகும். கணினியில் செருகினாலும் ஒன்றும் வாசிக்க முடியாது. டிஸ்க் கழற்றி எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

சரி, அப்படியானால் உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது? இவ்வளவு நேரம் நான் திட்டிக்கொண்டிருந்த அதே சூட்டைத்தான் இதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். பெட்டியைத் திருத்துவதற்கென்று சூடாக்க வேண்டாம். சில மணி நேரம் கடன் வாங்குவதற்குச் சூடாக்கலாம். பேச்சையும் அப்படியே பேசுங்கள்: “ஒரு நாள் ஓடினால் போதும், உத்தரவாதம் வேண்டாம், கேட்ட காசில் மூன்றிலொன்று தாறேன்.” ஒத்துக்கொள்ளாத ஆளை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள். இந்த ஒரு விடயத்தை ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்குதான் எல்லோரும் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள்.

சூடாக்கக் கொடுக்கும் முன்பே மூன்று சாமான்கள் தயாராக இருக்க வேண்டும். ஒன்று, ஒரு சிறிய பென்டிரைவ், 8 அல்லது 16 ஜிபி, எஃப்ஏடி32 (FAT32, ஃபோர்மட் செய்யும்போது தெரிவு செய்கிற ஒரு முறை) முறையில் அமைத்தது. இன்று கடையில் வாங்கும் 64 ஜிபி பென்டிரைவ் அநேகமாக வேறு முறையில் அமைத்து வரும், பிஎஸ்3 அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பெட்டி உயிரோடு இருக்கும் அந்த அருமையான ஒரு மணித்தியாலத்தை இதற்காகவே தொலைத்தவர்களைத் தெரியும். வீட்டுக் கணினியில் முதலே அமைத்து வையுங்கள். இரண்டு, இன்னொரு பிஎஸ்3, இரவல் என்றாலும் பரவாயில்லை. ஆனால் சொந்தக்காரரின் சேமிப்புகள் அதில் இருந்தால் வேண்டாம், ஏனென்று கீழே சொல்கிறேன். மூன்று, ஒரு லேன் கேபிள்.

பெட்டி எழும்பியதும் விளையாட ஆசைப்பட வேண்டாம். நேரே ‘கேம்’ பகுதிக்குள் சேமிப்புகள் இருக்கும் இடத்துக்குப் போய், முக்கோணப் பொத்தானை அழுத்தி, எல்லாவற்றையும் பென்டிரைவுக்குப் பிரதி எடுங்கள். தம்பியோடு விளையாடியவை முதலில். முழுப் பெட்டியையும் ஒரேயடியாகக் காப்புப் பிரதி எடுக்கும் வசதி ஒன்றும் இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம். பல மணி நேரம் எடுக்கும், பாதியில் பெட்டி படுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சில விளையாட்டுகளின் சேமிப்பு பிரதி எடுக்க விடாமல் பூட்டப்பட்டிருக்கும். அவற்றுக்குத்தான் இரண்டாவது பிஎஸ்3உம் லேன் கேபிளும். இரண்டையும் கேபிளால் இணைத்து, அமைப்புப் பகுதியில் இருக்கும் தரவு மாற்றும் வசதியை ஓட விட்டால் பூட்டியவையும் போய்ச் சேரும். ஆனால் தரவை ஏற்கும் இரண்டாவது பெட்டியில் முன்னர் இருந்தவை அழிந்துபோகும். இரவல் கொடுத்தவரிடம் இதை முதலே சொல்லுங்கள், இல்லாவிட்டால் சிநேகிதம் போகும்.

இடையில் ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்று நிறுத்த வேண்டாம். சூடாகிக் குளிரும்போதுதான் அந்தத் தொடுகை விடுகிறது. ஓடத் தொடங்கினால் வேலை முடியும் வரை ஓடட்டும், பக்கத்தில் ஒரு மேசை மின்விசிறியை வையுங்கள். பின்னேர இடிமழைக் காலத்தில் இந்த வேலையைப் பின்னேரம் தொடங்க வேண்டாம், காலையில் தொடங்குங்கள். ஒரு தரம் கரன்ட் போனால் அடுத்த சூட்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

இனிக் கணக்கு. காசு கொடுத்து வாங்கிய எட்டு விளையாட்டுகளும் அந்தப் பெட்டிக்குள் இல்லை, கணக்கில் இருக்கின்றன. வேறு பிஎஸ்3 ஒன்றில் உங்கள் கணக்கால் நுழைந்தால் திரும்ப இறக்கலாம். பிஎஸ்3இன் இணையக் கடையை மூடப்போவதாக 2021 மார்ச்சில் அறிவித்தார்கள், ஆட்கள் கத்திய கத்தில் ஏப்ரலில் பின்வாங்கினார்கள். அதே ஒக்டோபரில் பிஎஸ்3இல் வங்கி அட்டையாலும் பேபாலாலும் காசு கட்டுவதை மட்டும் நிறுத்தினார்கள். ஏற்கனவே வாங்கியதை இறக்க அது தடையில்லை. இறந்த பெட்டி உங்கள் கணக்கில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு பிஎஸ்3க்குத்தான் அனுமதி, ஒன்று இன்னும் மிச்சமிருக்கும் என்பதால் அவசரமில்லை. தேவையென்றால் இணையத்தில் கணக்குக்குள் போய் எல்லாப் பெட்டிகளையும் ஒரேயடியாக நீக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம்தான் அது முடியும்.

நான் பயப்படுவது, கணக்கைத் திறந்து தந்தது கடைக்காரர் என்பதற்குத்தான். பிளேஸ்டேஷன் இணைய வலையமைப்பின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லாததால் இங்கே எல்லோரும் அமெரிக்கன், சிங்கப்பூர்க்காரன். அதில் பாதிப் பேர் கடைக்காரரின் மின்னஞ்சலில் வாழ்கிறார்கள். கடை மூடுபட்டால், அவர் கனடாவுக்குப் போய்விட்டால், கடவுச்சொல் மறந்தால் கணக்குக்கு அப்பனில்லை. ஒரே கணக்கை நான்கு பேருக்கு விற்றவர்களும் உண்டு. நான்கு பேரும் தங்களுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இன்றிரவே கணக்குக்குள் போய் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் உடனே மாற்றுங்கள். பிறந்த திகதியையும் குறித்து வையுங்கள். கடைக்காரர் அவசரத்தில் 1980 ஜனவரி 1 என்று போட்டிருப்பார், நாளைக்கு உதவிப் பிரிவு கேட்பது உங்கள் உண்மையான பிறந்தநாளை இல்லை, அந்தத் திகதியைத்தான்.

உள்ளே போக முடியாவிட்டால் அப்போது உதவிப் பிரிவிடம் போங்கள். ஆனால் ‘பெட்டி’, ‘மஞ்சள் விளக்கு’ என்ற சொற்களே வாயில் வரக் கூடாது. ‘என் கணக்குக்குள் போக முடியவில்லை’, அவ்வளவுதான். நாடு என்று கேட்டால் கணக்கில் உள்ள நாட்டைச் சொல்லுங்கள், நீங்கள் இருக்கும் நாட்டைச் சொன்னால் மறுபடி மூன்று வாரம். பெட்டியின் தொடர் இலக்கமும் பழைய கொள்வனவு மின்னஞ்சல் ஒன்றும் கையில் இருந்தால் நல்லது. இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால் பிஎஸ்3 உங்கள் வழமையான கடவுச்சொல்லை ஏற்காது. சாதன அமைவுக்கென்று தனிக் கடவுச்சொல் ஒன்றைக் கணக்குப் பக்கத்தில் எடுத்து அதை அடிக்க வேண்டும். இதைத் தெரியாமல் நல்ல பெட்டியைத் திருத்தக் கொண்டுவருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். உதவிப் பிரிவு அவர்களுக்கு இதைச் சொல்லவில்லையாம். சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?

சூடாக்கக் கொடுக்கும்போது பற்றுச்சீட்டுக் கேளுங்கள், என்ன வேலை என்று அதில் எழுதச் சொல்லுங்கள். பிரச்சினை வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், இலக்கம் 1977. எழுத்தில் கொடுக்க வேண்டும், வேலை நடந்து மூன்று மாதத்துக்குள். சூடாக்குகிறவர்கள் ஏன் சரியாக மூன்று மாதம் உத்தரவாதம் தருகிறார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.