பூஞ்சணம் படிக்கப் போகிறாளா? போகட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொக்குவில் பக்கமிருந்து தாயும் தகப்பனும் மகளும் என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார்கள். மகள் உயர்தரம் உயிரியல் பிரிவு, பரீட்சையை இரண்டாம் முறை எடுத்தவள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குப் போதவில்லை. விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. தாய் கதிரையில் இருந்த உடனேயே கைப்பையிலிருந்து ஒரு மண்ணிறக் கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே காணி உறுதி. அவருக்குத் தாய் சீதனமாகக் கொடுத்த இரண்டு பரப்புக் காணியும் வீடும்.

"ரீச்சர், கனடாவில இருக்கிற அண்ணர் அரைவாசிக் காசு தாறன் எண்டுறார். மிச்சத்துக்கு இதை ஈடு வைப்பம். பங்களாதேசத்தில மெடிசின் படிப்பிக்கலாமாம். இவளோ பூஞ்சணம் படிக்கப் போறாளாம்! சனம் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

தகப்பன் வாயே திறக்கவில்லை. மகள் ஒரு சீ.ஆர். கொப்பியை மடியில் வைத்து அதன் மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஐந்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பிள்ளை கெட்டிக்காரி, ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை, யோசித்துச் செய்வோம் என்றேன். ஆனால் அந்த உறை கண் முன்னால் கிடக்கக் கிடக்க எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குச் சொன்னதை, இதே யோசனையோடு இருக்கிற மற்றக் குடும்பங்களும் கேட்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் காசு. வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஒரு முறை கட்டி முடிகிற கணக்கு அல்ல. ஐந்தாறு வருடம் டொலரிலே போய்க்கொண்டே இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்த இரண்டு மாதத்தில் வெளிநாட்டில் பிள்ளையைப் படிப்பித்துக்கொண்டிருந்த பெற்றோருக்குக் கட்டணம் ஏறக்குறைய இரட்டித்தது. பட்டத்தோடு திரும்பி வந்தாலும் இலங்கை மருத்துவ சபையின் தகுதிப் பரீட்சை இருக்கிறது. அதில் சித்தியடைந்த பிறகுதான் உள்ளகப் பயிற்சி. இவ்வளவு காலமும் ஈட்டுக்கு வட்டி ஏறும். மாமா இந்த வருடம் தருவார். நாலாம் வருடமும் தருவார் என்று யார் கையெழுத்து வைத்தது? குடியிருக்கிற வீட்டை ஈடு வைத்து எந்தப் படிப்பும் வேண்டாம். இதில் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது பிள்ளை. "நோயாளிகளைப் பார்க்க உனக்கு விருப்பமோ?" என்று கேட்டேன். தாயைத் திரும்பிப் பார்க்காமல், "இல்லை ரீச்சர். வருத்தம் ஏன் வருகுது எண்டு பார்க்கத்தான் விருப்பம்" என்றாள். கொப்பியைத் தந்தாள்.

அதை நான் இன்னும் மறக்கவில்லை. அடைத்த போத்தலுக்குள் போட்ட ஒரு தேங்காய்ச் சொட்டை நாள் தவறாமல் பார்த்து எழுதியிருக்கிறாள். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வெள்ளைப் பஞ்சு. ஐந்தாம் நாள் நடுவில் சாம்பல் பச்சை. பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒரு படம்: நீளக் காம்பு, உருண்டைத் தலை, தலையைச் சுற்றிச் சங்கிலி சங்கிலியாக மணிகள். கீழே பென்சிலால் "பன்னீர்ச் செம்பு மாதிரி" என்று எழுதியிருந்தாள். 1729 இல் இத்தாலியப் பாதிரியாரான மிக்கேலி இதே வடிவத்தைப் பார்த்து, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கிற கருவியின் பெயரை இதற்கு வைத்தார். இந்தப் பூஞ்சணத்துக்கு அஸ்பெர்ஜிலஸ் என்ற பெயர் வந்த கதை அது. இந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. கண்ணால் பார்த்து அதே இடத்துக்கு வந்திருக்கிறாள்.

அதற்கு அடுத்த பக்கத்தில் ஒரு வரி: "தண்ணி விட்டன். நனையேல்லை. தூள் மேல மிதக்குது. ஏன்?"

அம்மா, உங்கள் மகள் கேட்ட அந்த "ஏன்" என்ற கேள்விக்கு விடை தேடிப் பாரிஸிலும் ஜெர்மனியின் ஜேனாவிலும் ஆய்வுகூடங்கள் வருடக்கணக்காக உழைத்திருக்கின்றன. அந்தத் தூள் முழுக்க வித்திகள், பூஞ்சணம் பரவுகிற விதை போன்றவை. ஒவ்வொரு வித்தியின் மேலும் ரொட்ஏ என்றொரு புரதம் ஓலைப் பாய் பின்னியதுபோலப் படிந்திருக்கிறது. தண்ணீரை ஒட்டவிடாத புரதம். அதனால்தான் வித்தி நனையாமல் காற்றில் பறக்கிறது.

இந்த இனத்தில் மனிதருக்கு மிகவும் ஆபத்தானது அஸ்பெர்ஜிலஸ் பியூமிகேற்றஸ். கூட்டெருக் குவியலிலும் உக்கின இலையிலும் வளர்கிறது. குவியலின் 50 பாகை சூட்டையே தாங்கும் என்றால், எங்கள் உடம்பின் 37 பாகை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அதன் வித்தி 2 முதல் 3 மைக்ரோமீற்றர் அகலம். ஒரு மில்லிமீற்றருக்குள் 300, 400 வித்திகளை வரிசையாக அடுக்கலாம். மூக்கு, தொண்டை எல்லாம் தாண்டிச் சுவாசப்பையின் அடிக்குப் போகத் தோதான அளவு. நீங்களும் நானும் தினமும் இதைச் சுவாசிக்கிறோம். ஆரோக்கியமான உடம்பு சத்தமில்லாமல் துப்புரவாக்கிவிடும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கும் உறுப்பு மாற்றியவருக்கும் அப்படியல்ல. அங்கே அது முளைத்துச் சுவாசப்பையைத் துளைக்கும்.

இப்போது ரொட்ஏயின் மற்ற வேலையைக் கேளுங்கள். அந்தப் பாய் மூடியிருக்கும் வரை நோயை எதிர்க்கிற எங்கள் நிர்ப்பீடனத்தின் கண்ணில் வித்தி படாது. 2009 இல் இது ஆதாரத்தோடு வெளியானது. சூடும் ஈரமும் கிடைத்துச் சில மணி நேரத்தில் வித்தி வீங்கும்போது பாய் கிழிகிறது. கீழே இருக்கிற சுவரின் சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே தெரிகின்றன. அப்போதுதான் வெண்குருதிக் கலங்கள் அடையாளம் கண்டு பாய்கின்றன. உறங்கும் வித்தி எந்தெந்தப் புரதங்களைக் கட்டுச்சோறு போல முன்கூட்டியே கட்டி வைத்திருக்கிறது, விழிக்கும்போது எதை முதலில் எடுக்கிறது என்பதை அறிந்தால், முளைக்கும் முன்பே அதை மறிக்க வழி பிறக்கும்.

இதை எப்படிப் படிக்கிறார்கள் என்று தகப்பன் கேட்டார். அன்று அவர் பேசிய முதல் பேச்சு அது. மேசன் வேலை செய்கிறவர். வேலை நடக்கிற ஒழுங்கைச் சொன்னால் அவருக்குப் பிடிபடும் என்று சொன்னேன். ஏகார் என்ற களி ஊற்றிய தட்டில் பங்கசை, அதாவது பூஞ்சணத்தை வளர்த்து, சவர்க்காரம் போன்ற ஒரு திரவம் ஒரு துளி கலந்த நீரால் வித்திகளைக் கழுவி எடுப்பார்கள். வெறும் நீர் ஒட்டாதே! துணி வடியில் வடித்து, கட்டம் போட்ட கண்ணாடியில் எண்ணுவார்கள். சுவர் லேசில் உடையாது. சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளோடு சேர்த்துக் கடுமையாகக் குலுக்கி உடைப்பார்கள். மேற்பரப்புப் புரதம் மட்டும் வேண்டுமென்றால் உடைப்பதில்லை. திரிப்சின் என்ற நொதியத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சவரம் செய்வதுபோல வழிப்பார்கள். திரிப்சின் எல்லா இடத்திலும் வெட்டாது. லைசீன், ஆர்ஜினீன் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பின்னால் மட்டுமே வெட்டும். அதனால் எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடலாம். துண்டுகளைத் திணிவு நிறமாலைமானிக்குள் அனுப்பி நிறுப்பார்கள். இந்தப் பங்கசின் ஜீனோம், அதாவது முழு மரபுக் குறிப்பு, 2005 இல் வெளியானது. அதில் ஏறத்தாழ 10,000 புரதங்களுக்கான குறிப்பு இருக்கிறது. நிறுத்த நிறையை அந்தக் குறிப்போடு பொருத்தினால் புரதத்தின் பெயர் தெரிந்துவிடும்.

"அப்ப, நிறுத்துப் பார்த்து ஆளைப் பிடிக்கிற வேலை" என்றார். அதேதான் ஐயா.

அந்த நிறுக்கிற முறைக்காக 2002 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்ற கொய்ச்சி தனக்கா, ஜப்பானில் ஒரு கருவிக் கம்பனியின் பொறியியலாளர். கலாநிதிப் பட்டம் இல்லை. மின் பொறியியலில் முதற் பட்டம் மட்டும். தவறுதலாகக் கிளிசரினைக் கோபால்ட் தூளோடு கலந்துவிட்டார். வீணாக்க மனமில்லாமல் அதையே கருவியில் வைத்துப் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது வழி. மருத்துவ பீடத்துக்கு வெளியேயும் மருத்துவத்துக்கு உதவுகிற மூளை இருக்கிறது என்று அண்ணருக்குச் சொல்ல இந்த ஒரு கதை போதும்.

இதெல்லாம் வெளிநாட்டார் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். 2005 இல், ஜீனோம் வெளியான அதே வருடத்தில், எங்கள் நாட்டில் சிசேரியனுக்கு முள்ளந்தண்டில் மயக்க ஊசி போட்ட தாய்மார் சிலருக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. அஸ்பெர்ஜிலஸ் காரணம். பிள்ளை பெற வந்த தாய்மார் உயிரிழந்தார்கள். சுனாமிக்குப் பிந்திய நெருக்கடியில் மருத்துவப் பொருட்கள் ஈரலிப்பில் களஞ்சியப்படுத்தப்பட்டது காரணமாயிருக்கலாம் என்று எங்கள் மருத்துவர்கள் எழுதினார்கள். 2022 இல் உலக சுகாதார நிறுவனம் முதன்முறையாக 19 பங்கசுகளை முன்னுரிமைப் பட்டியலிட்டது. மிகவும் ஆபத்தான நான்கில் அஸ்பெர்ஜிலஸ் பியூமிகேற்றசும் ஒன்று. மருந்து வகைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பங்கசின் கலம் எங்கள் கலத்தைப் போன்றது. அதைக் கொல்வது எங்களையும் பாதிக்கும். உள்ள மருந்துகளில் முக்கியமானது அசோல் வகை. அதே வகையைப் பயிருக்கும் பங்கசுநாசினியாக அடிப்பதால் வயலிலேயே எதிர்ப்பு உருவாகிறது. தோட்டம் செய்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இதை யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது?

"கிருமியோட வேலை செய்தா பிள்ளைக்கு ஏதும் வராதோ?" என்று தாய் கேட்டார். நியாயமான பயம். இந்தப் பங்கசை இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வுகூடத்தில், காற்றை வடிக்கும் அலுமாரிக்குள் கையாள்வார்கள். வீட்டுப் போத்தலை மட்டும் இனித் திறக்கவேண்டாம் என்று மகளிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

நேர்சிங், ஆசிரியர் சேவை, வங்கி, கணினி பற்றி ஊருக்கே தெரியும். அவற்றுக்கு நான் தேவையில்லை. இந்த வழியை மட்டும் சொல்கிறேன். திருநெல்வேலியில் இருக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் சேரட்டும். தாவரவியல் எடுக்கட்டும்; இரசாயனவியலை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. புரதம் படிக்கிறவளுக்குப் பாதி வேலை இரசாயனம். முதலாம் வருடத்திலிருந்தே புள்ளியில் கவனம் வேண்டும். நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு அதைப் பார்த்துத்தான். பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல் நிறுவகம் இருக்கிறது, பேராதனையின் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் இருக்கிறது. பொரளையில் 1900 இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. விடுமுறையில் போய்ப் பார்க்கட்டும்.

நிறமாலைமானி கோடிக்கணக்கில் விலைபோகிற கருவி. அது பக்கத்தில் இல்லையென்று சும்மா இருக்கத் தேவையில்லை. உலக ஆய்வுகூடங்கள் தங்கள் அளவீடுகளை பிரைட் என்ற தரவுக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்க்க மக்ஸ்குவான்ட் என்ற மென்பொருளும் இலவசம். பங்கசுகளின் ஜீனோமுக்கு பங்கிடிபி என்ற தளம். மடிகணினியும் இணைய இணைப்பும் இருந்தால் கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்து உண்மையான வித்தியின் உண்மையான அளவீட்டைத் தொடலாம். கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, வெறும் புள்ளியை விட இப்படிச் செய்து காட்டிய ஒரு வேலை பேராசிரியரின் கண்ணில் படும்.

அங்கேதான் கணக்குத் தலைகீழாகிறது. இங்கே முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. ஜெர்மனியில் கலாநிதி ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் சம்பள ஒப்பந்தத்தில் இருப்பார்கள். அமெரிக்காவில் விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணத்தை நீக்கி மாதப் படியும் தருவார்கள். மருத்துவத்துக்கு நீங்கள் டொலர் அனுப்பவேண்டும். இதில் பிள்ளையின் கைக்கு வரும்.

ஒன்றை மறைக்கமாட்டேன். இது நீண்ட வழி. முப்பது வயது வரை பெரிய சம்பளம் வராது. நாட்டுக்குள் இந்தத் துறைக்கென்று வேலை குறைவு. பரிசோதனை நாற்பது தரம் பிழைத்து நாற்பத்தோராம் தரம் சரிவரும். ஆனால் புரதத்தைப் பிரிக்கவும் நிறமாலைமானியை இயக்கவும் பழகியவருக்கு உணவு, மருந்து, பீடைநாசினி எச்சம் பார்க்கிற ஆய்வுகூடங்களில் கதவு திறக்கும். அந்தக் கைத்தொழில் வீணாகாது. பொறுமை இல்லாத பிள்ளைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஒரு தேங்காய்ச் சொட்டைப் பதினேழு நாள் பார்த்து எழுதிய பிள்ளைக்குச் சொல்கிறேன்.

அண்ணருக்கு என்ன சொல்வது என்று தாய் கடைசியாகக் கேட்டார். உதவ விரும்புகிற மனதைத் தள்ளிவிடவேண்டாம். அரைவாசிக் காசு வேண்டாம் அண்ணை, ஒரு நல்ல மடிகணினி வாங்கித் தாருங்கோ, மூன்றாம் வருடத்தில் ஐஈஎல்ரிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக் காசைக் கட்டுங்கோ என்று கேளுங்கள் என்றேன். தகப்பன் மேசையிலிருந்த உறையை எடுத்து, மடியாமல் பார்த்து, சேட்டுக்குள் வைத்துக்கொண்டார். பதிவுக்கான கடைசித் திகதியை மகள் தன் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.