ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கின் மீது ஆர்வம் வர என்ன செய்வது?

சூத்திரத்தைச் சொல்லித் தருவதற்கு முன்பு, அவர்கள் நாள்தோறும் தாண்டிச் செல்லும் வாசல் கோலத்திலிருந்து ஒரு கேள்வியை எழுப்புங்கள் என்பதே என் பதில். நடு வரிசையில் ஏழு புள்ளிகளில் தொடங்கி இருபுறமும் ஒன்றில் முடியும் நேர்ப்புள்ளிக் கோலத்தில் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என அமைகின்றன. மொத்தம் 25 புள்ளிகள். ஐந்தில் தொடங்கினால் 13, ஒன்பதில் தொடங்கினால் 41. இந்த எண்களுக்குள் என்ன உறவு என்று கேட்டுவிட்டு, விடையைச் சொல்லாமல் காத்திருங்கள். அந்தக் காத்திருப்புதான் ஆசிரியருக்கு மிகவும் கடினமானது.

பிறகு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் வேறு வேறு நிறமாக இருக்கும்படி, ஓரப் புள்ளிகளில் தொடங்கி வெள்ளையும் காவியுமாக மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். தாளைச் சற்றே சாய்த்துப் பார்த்தால், வெள்ளைப் புள்ளிகள் நான்குக்கு நான்கு சதுரமாகவும், அவற்றின் இடைவெளிகளில் காவிப் புள்ளிகள் மூன்றுக்கு மூன்று சதுரமாகவும் நிற்பது தெரியும்: 16 + 9 = 25. அடுத்தடுத்த இரு வர்க்க எண்களின் கூடுதல் என்ற விதியை அப்போது மாணவர்கள் தாங்களாகவே சொல்வார்கள். ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வரும் இடுக்குப் புள்ளிக் கோலத்தில், ஏழில் தொடங்கி நான்கில் முடித்தால், 37 புள்ளிகள் வருகின்றன; அங்கே இதே விதி ஏன் பொருந்தவில்லை என்பதை மறுநாளுக்கு விட்டுவையுங்கள்.