ஆட்சியர் பாதியில் கிளம்பினால் பேச்சாளர் என்ன ஆவார்?

கேள்வி: எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் ஜூலை 1 முதல் நான் செயலாளர். அடுத்த கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் சிறப்பு விருந்தினர். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பேச்சாளர். யாரை எங்கே உட்கார வைப்பது, யாரை முதலில் பேச வைப்பது?

உட்கார வைப்பது சுலபம். நடுவில் சங்கத் தலைவர், அவருக்கு வலப்பக்கம் ஆட்சியர், இடப்பக்கம் பேராசிரியர். முன்னாள் தலைவர்களுக்கு முன்வரிசையில் பெயர் எழுதி இடம் போட்டுவிடுங்கள், மேடைக்கு ஏற்றாதீர்கள். ஒருவரை ஏற்றினால் மற்றவர்களையும் ஏற்ற வேண்டிவரும்.

சிக்கல் நேரத்தில்தான். ஆட்சியரின் நேர்முக உதவியாளரிடம் "எத்தனை மணிக்கு வருவார்" என்று மட்டும் கேட்காதீர்கள், "எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்" என்றும் கேளுங்கள். அவர் கடைசிவரை இருப்பார் என்றால் வரவேற்புரை முடிந்ததும் பேராசிரியர், அவருக்குப் பிறகு ஆட்சியர். சீக்கிரம் கிளம்புவார் என்றால் அவருக்கு முதல் பத்து நிமிடம். வழியனுப்பத் தலைவரும் நீங்களும் மட்டும் போங்கள். உறுப்பினர்கள் இருக்கையிலேயே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் பாதி அரங்கம் கார் வரைக்கும் போய், படமும் எடுத்துக்கொண்டு, அப்படியே டீ குடிக்கப் போய்விடும். அவர் வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம். பேராசிரியரை வைத்துத் தொடங்கிவிடுவோம் என்று உதவியாளரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் வராது.

நேரத்தை உண்மையில் தின்பது பொன்னாடை. நான் பார்த்த ஒரு கூட்டத்தில் ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கொரு படம் என்று முக்கால் மணி நேரம் போனது. பேச்சாளர் மைக்கைப் பிடித்தபோது பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள். அப்புறம் யார் கேட்பார்கள்? சங்கத்தின் சார்பில் ஒருவருக்கு ஒரு பொன்னாடை போதும். 'அவர்களே, அவர்களே' என்று எல்லாரையும் பெயர் சொல்லி விளிப்பது வரவேற்புரையோடு முடியட்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடிதான்; பாடத் தெரிந்த இருவரை மேடையிலேயே பாடச் சொல்லுங்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது பக்கத்து மின்விசிறியை நிறுத்த ஒருவரை நியமியுங்கள். சிரிக்காதீர்கள், ஆட்சியர் நான்கு முறை தீக்குச்சி கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பேராசிரியருக்கு இப்போதே ஒரு கடிதம் அனுப்புங்கள்: தலைப்பு, எத்தனை நிமிடம், எத்தனை பேர் வருவார்கள், எப்படிப்பட்டவர்கள், புரொஜெக்டர் உண்டா. அறிமுகக் குறிப்பை அவரிடமே வாங்கி ஒரு நிமிடத்துக்குச் சுருக்குங்கள். இனிஷியல் சரியா என்று அவரிடமே ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அழைத்து வரவும் திரும்பக் கொண்டுவிடவும் ஒரே உறுப்பினரைப் பொறுப்பாக்குங்கள். சாப்பாட்டு மேசையிலும் அவரே கூட உட்காரட்டும். கூட்டம் கலைந்த பிறகு வாசலில் ஆட்டோ தேடி நிற்கும் பேச்சாளர்களைப் பலமுறை பார்த்துவிட்டேன். வழிச்செலவும் மதிப்பூதியமும் உறையில் போட்டு, மேடையில் அல்ல, காரில் ஏறும் முன் தலைவரே கையில் கொடுக்கட்டும்.