‘ஒன்று’ என்று எப்போது சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் அறிவியல் கற்பிப்பது குறித்து ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: பாடநூலில் உள்ள சோதனைகளை ஒன்று விடாமல் செய்து காட்டுகிறேன், பிள்ளைகளும் ஆர்வமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் புதிதாக ஒன்றைக் கொடுத்து, “இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பாய்?” என்று கேட்டால் வகுப்பே மௌனமாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– அறிவியல் ஆசிரியை, செங்கம்

பதில்: உங்கள் மேசை மீது நடக்கும் சோதனையில் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைத்திருப்பது, எத்தனை முறை அளப்பது ஆகிய முடிவுகளை எல்லாம் பாடநூலும் நீங்களுமாகச் சேர்ந்து எடுத்துவிடுகிறீர்கள், பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வேடிக்கை பார்ப்பது மட்டுமே. அந்த முடிவுகளில் சிலவற்றையாவது அவர்கள் கையில் விட்டுப் பாருங்கள்.

தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் கொண்ட குழுவிற்கு ஒரு நூல், இரண்டு மூன்று இரும்பு நட்டுகள், ஓர் அளவுகோல் போதும்; நேரம் பார்க்க உங்கள் கைப்பேசி இருக்கிறது. “ஊசல் ஒருமுறை போய்வர ஆகும் நேரத்தை எது தீர்மானிக்கிறது?” என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, சோதனையைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தம் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதட்டும். எடைதான் என்று பலர் எழுதுவார்கள். பிறகு ஏதாவது ஒரு குழு, நீள நூலில் இரண்டு நட்டுகளையும் குட்டை நூலில் ஒரு நட்டையும் கட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, “எடை கூடினால் நேரம் கூடுகிறது” என்று வெற்றியோடு அறிவிக்கும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஆசிரியருக்கு மிகவும் கடினமான வேலை. ஒரே நீளத்தில் எடையை மட்டும் மாற்றி, நேரம் மாறாததைக் கண்ட இன்னொரு குழுவை அழைத்து, இரு குழுக்களையும் வாதிட விடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற விதியை நீங்கள் பத்து முறை எழுதிப் போடுவதைவிட, அந்தக் கால்மணி நேரச் சண்டை அதிகம் கற்றுத்தரும். உளவியல் அறிஞர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் வளரிளம் பருவத்தினரின் சிந்தனையை ஆராய இதே ஊசலைப் பயன்படுத்தியது தற்செயலன்று.

அடுத்த சண்டை அளவீட்டில் வரும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் பத்து முறை அலைய ஏறத்தாழ 20 வினாடிகள் ஆகும். ஒரு குழு 20 என்று சொல்ல, மற்றொன்று 18 என்று அடித்துச் சொல்லும். அருகில் போய்ப் பார்த்தால், நட்டைக் கையிலிருந்து விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள்; ‘பத்து’ என்னும்போது ஊசல் ஒன்பது அலைவுகளை மட்டுமே முடித்திருக்கும். விடும்போது ‘சுழியம்’ என்று தொடங்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் அந்த நாளில், பிழை என்றால் என்ன என்பதும் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: எங்களுடையது ஆய்வகம் இல்லாத பள்ளி, ஒரு வகுப்பில் 42 பேர். இதெல்லாம் வசதியான பள்ளிகளுக்கு உரிய யோசனைகள் இல்லையா?
– ஆசிரியர், ஓமலூர்

பதில்: இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு அமைப்புகளின் முயற்சியால் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்து கற்கும் அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. பெரும்பாலானவை சாதாரண அரசுப் பள்ளிகள். மலிவான பொருள்களைக் கொண்டு குழுக்களாகச் சோதனை செய்வதும், வயல்வெளிக்குப் போய்ப் பூச்சிகளையும் செடிகளையும் கவனிப்பதும் அங்கே பாடத்தின் ஒரு பகுதியாகவே இருந்தன. தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு ரப்பர் குழாயையும் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை அரவிந்த் குப்தா உருவாக்கியதும் அந்தத் திட்டத்தோடு இருந்த நாள்களில்தான். மாநில அரசு 2002இல் திட்டத்தை நிறுத்திவிட்டது என்பது தனி வருத்தம். ஆனால் முப்பது ஆண்டுகள் நடந்த ஒன்றை நடக்காது என்று சொல்வதற்கில்லை.

நாற்பது பேருக்கும் ஒரே ஒரு கருவி போதுமான பாடங்களும் உண்டு. ஜப்பானில் கல்வியாளர் இட்டாகுரா கியோனோபு 1963இல் முன்வைத்த கருதுகோள்–சோதனை வகுப்பு அப்படிப்பட்டது. எடை பார்க்கும் கருவியில் இரண்டு கால்களால் நிற்கிறோம், ஒற்றைக் காலில் நிற்கிறோம், குந்தி உட்காருகிறோம். எடை எப்போது அதிகம் காட்டும், அல்லது மூன்றும் ஒன்றுதானா? பிள்ளைகள் கை தூக்கி வாக்களிக்கிறார்கள், காரணம் சொல்கிறார்கள், மனம் மாறினால் கட்சி மாறுகிறார்கள். கடைசியில்தான் ஒருவன் கருவி மீது ஏறுகிறான். உட்காரும்போது முள் ஆடி, அசையாமல் இருந்ததும் பழைய இடத்துக்கே திரும்புவதை வகுப்பே எட்டிப் பார்க்கும். மருத்துவப் பரிசோதனைக்கு வரும் எடைக்கருவியை ஒரு பாடவேளைக்குக் கேட்டு வாங்கினால் போதும்.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். முதலில் ஊகித்துச் சொல்லச் சொல்கிறார்களாம். தவறான ஊகம் மனத்தில் அப்படியே தங்கிவிடாதா?
– தாய் ஒருவர், காரைக்குடி

பதில்: ஊகத்தைக் கேட்காவிட்டாலும் அது மனத்துக்குள் இருக்கத்தான் செய்யும், எழுத வைத்தால் வெளியே வந்து சோதனைக்கு உள்ளாகும். ஊகி, உற்றுநோக்கு, விளக்கு என்ற இந்த மூன்று படிகளில் கடைசிப் படியைத் தவிர்த்துவிட்டால்தான் நீங்கள் அஞ்சுவது நடக்கும்.

தவறு தங்கிவிடுவதற்கு, ஊகமே கேட்காமல் செய்து காட்டப்படும் ஒரு சோதனை நல்ல சான்று. தட்டில் நீர் ஊற்றி, எரியும் மெழுகுவத்தி மீது கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து நீர் மேலேறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது தீர்ந்ததால் நீரும் அந்த அளவு ஏறியது என்று எத்தனையோ வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். உண்மையில் ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. சூடாகி விரிந்த காற்று குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்கு முக்கியக் காரணம். “இரண்டு மெழுகுவத்திகள் வைத்தால் நீர் எவ்வளவு ஏறும்?” என்று உங்கள் மகளைக் கேளுங்கள். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் உயரம் மாறக் கூடாது. செய்து பார்த்தால் நீர் கூடுதலாக ஏறும்.

கேட்டுவிட்டு உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று வினாடிகளாவது பொறுத்தால் பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்றும் அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ கண்டார்.

கேள்வி: தேர்வில் வரையறைகளைத்தானே கேட்கிறார்கள்? திறனை எப்படி மதிப்பிடுவது?
– பயிற்சி ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: ஹோஷங்காபாத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடந்தன. அந்த அளவுக்குப் போக உங்களுக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும், வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வியை மாற்ற யாரும் தடை சொல்லப்போவதில்லை. மாதிரிக்கு ஒன்று: நான்கு குழுக்கள் பத்து அலைவுகளுக்கு அளந்த நேரங்கள் இவை. 25 செ.மீ. நீளத்துக்கு 10.0 வினாடி, 50 செ.மீ.க்கு 14.2, 75 செ.மீ.க்கு 15.6, 100 செ.மீ.க்கு 20.1. எந்தக் குழு தவறு செய்திருக்கலாம், என்ன தவறு? வரைபடம் வரைந்தால் மூன்றாம் புள்ளி மட்டும் கீழே இறங்கி நிற்கும், அங்கே 17.4 வந்திருக்க வேண்டும். 15.6 என்பது ஒன்பது அலைவுகளுக்கான நேரம்.