ரத்தப் பை மாறப் பார்த்தது: கூட இருக்கும் அம்மா எதையெல்லாம் கவனிக்கலாம்?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பீட்டா தலசீமியா மேஜர் (உடம்பால் போதிய ரத்தத்தை உருவாக்க முடியாத பிறவி நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். அவன் ஓ பாசிட்டிவ். போன தடவை சிஸ்டர் மாட்ட வந்த பையில் பி பாசிட்டிவ் என்று போட்டிருந்தது. சொன்னேன். “எங்களுக்குத் தெரியாதாம்மா?” என்றவர், அப்புறம் பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டில் பையனுடையது என்று எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து பயமாகவே இருக்கிறது. நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? கேட்டால் கோபித்துக்கொள்வார்களா? ஆஸ்பத்திரியை மாற்றிவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நீங்கள் வாய் திறந்தது நல்லதாயிற்று. ஓ குரூப் உள்ளவர்களின் உடம்பில் பி ரத்தத்துக்கு எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) எப்போதும் தயாராக இருக்கும். பி ரத்தம் உள்ளே போனால் அந்தச் சிவப்பணுக்களை அது உடைத்துத் தள்ளிவிடும். சிறுநீரகம் பழுதாகலாம், உயிரும் போகலாம்.

இந்தத் தவறு பெரும்பாலும் ரத்த வங்கியின் பரிசோதனையில் நடப்பதில்லை. சாம்பிள் குழாயில் பெயர் எழுதும்போதும், கட்டில் பக்கத்தில் பையை மாட்டும்போதும்தான் ஆள் மாறுகிறது. தலசீமியா பிள்ளைகளை ஒரே நாளில் வரச் சொல்கிறோம். ஒரே வயது, ஒரே வார்டு, சில சமயம் ஒரே பெயர். சிஸ்டர் ஒருவர், கட்டில்கள் பல, டூட்டி மாறும் நேரம் வேறு. அவரைக் கவனக்குறைவானவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சரிபார்க்காமல் மாட்டுவதற்கு இதில் எதுவும் சாக்கு ஆகாது.

சரிபார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “கவின்தானே?” என்று கேட்டால் பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளை தலையாட்டிவிடும். அம்மா சாப்பிடப் போயிருந்தால், உட்கார்ந்திருக்கும் பாட்டியும் “ஆமாம்மா” என்றுவிடுவார். “பையன் பேர் என்ன?” என்றுதான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் பெயர், கையில் கட்டிய பட்டை, கேஸ் ஷீட்டில் உள்ள நோயாளி எண், பையில் உள்ள ஒட்டுச்சீட்டு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பதுதான் விதி. குரூப், பை எண், காலாவதித் தேதி மூன்றையும் நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். “சிஸ்டர், எழுதிக்கிறேன், கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?” என்று கேளுங்கள். சண்டை இல்லாமல் இரண்டாவது சரிபார்ப்பு நடந்துவிடும். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரத்தத்தை அரை மணிக்குள் ஆரம்பித்து, 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஜில்லென்று இருக்கிறதே என்று பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கக் கூடாது, அணுக்கள் உடைந்துவிடும். அதே ட்யூபில் நார்மல் சலைன் (உப்புநீர்) தவிர வேறெதுவும், குளுக்கோஸ் உட்பட, போகக் கூடாது. வேகத்தையும் பாருங்கள். மணிக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிக்கு மேல் வேண்டாம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லி என்றால் குறைந்தது 3 மணி நேரம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் வேகமாக விடுங்கள் என்று பெற்றோரே கெஞ்சுவது உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள், இதயம் தாங்காமல் போகலாம்.

முதல் 15 நிமிடம் மெதுவாகத்தான் ஓட வேண்டும். அந்த நேரத்தில் போனைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சு வாங்குதல், சிவந்த சிறுநீர், காரணமில்லாத பதற்றம் இவற்றில் எது வந்தாலும் உடனே ரத்தத்தை நிறுத்தச் சொல்லி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவில் என்ற அலர்ஜி ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு ரத்தத்தை ஓடவிடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. அது தவறு. முதலில் நிறுத்த வேண்டும், புது ட்யூபில் சலைன் போட வேண்டும், பெயரையும் பையையும் மறுபடி ஒத்துப்பார்க்க வேண்டும், பை ரத்த வங்கிக்குத் திரும்பிப் போக வேண்டும். வெறும் அரிப்பும் தடிப்பும் என்றால் மருந்து கொடுத்து, அடங்கியபின் டாக்டர் தொடரச் சொல்லலாம்.

வார்டுக்கு வெளியே நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. பிள்ளை வெளிறியிருக்கிறான் என்று யாராவது இரும்புச்சத்து டானிக் எழுதிவிடுவார்கள்; பள்ளியிலும் வாராவாரம் இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். ஏற்றும் ரத்தத்தாலேயே இவன் உடம்பில் இரும்பு சேர்ந்துகொண்டிருக்கிறது. அதை வெளியேற்றத்தான் டெஃபரசிராக்ஸ் போன்ற மாத்திரை கொடுக்கிறோம். அடிக்கடி ரத்தம் ஏற்றும் தலசீமியா பிள்ளைகளுக்குப் பள்ளியில் தரும் இரும்பு மாத்திரை கூடாது என்று அரசு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. வகுப்பு ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

நடந்ததை வார்டு இன்சார்ஜிடமோ ரத்த வங்கி மருத்துவரிடமோ சொல்லுங்கள். அந்த சிஸ்டரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 2012 முதல் நம் நாட்டில் ரத்தம் ஏற்றுவதால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய ஹீமோவிஜிலன்ஸ் திட்டம் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் உள்ள ரத்தமேற்றல் குழுவும் இதைக் கேட்டாக வேண்டும்.

ஆஸ்பத்திரியை மாற்ற அவசரப்பட வேண்டாம். அடிக்கடி ரத்தம் ஏறும் பிள்ளைகளுக்கு, குரூப் சரியாக இருந்தும் வேறு சில ஆன்டிபாடிகள் உருவாகலாம். சில மாதங்களில் அவை பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தும் போகும். அந்த விவரம் பழைய ரத்த வங்கியின் பதிவேட்டில்தான் இருக்கும். மாற்றியே தீர வேண்டுமென்றால் ஆன்டிபாடி விவரம், இதுவரை ஏற்றிய கணக்கு, கடைசி ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் பரிசோதனை) ரிப்போர்ட் ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.