வலியை விரைவுபடுத்தும் ஊசிக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: என் தங்கையின் முதல் குழந்தை, இரவு முழுவதும் நீடித்த வலிக்குப் பின் அழாமலேயே பிறந்து, சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. சிறிய மருத்துவமனை. வலி போதவில்லை என்று ஊசி போட்டார்கள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அதே இடத்தில் பிரசவம் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இரவிலும் சிசேரியன் செய்யக்கூடிய மருத்துவமனையில் இப்போதே பதிவு செய்யுங்கள். முதல் குழந்தையின் இறப்புக்கு அந்த ஊசிதான் காரணம் என்று, குறிப்பேடுகளைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊசியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

கருப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அது தளரும் இடைவெளியில்தான் குழந்தைக்குப் போதிய பிராணவாயு மீண்டும் கிடைக்கிறது. பிரசவத்துக்கு முன், வலியைக் கூட்டும் மருந்தான ஆக்ஸிடோசினைத் தசையில் ஊசியாகப் போட்டால் அந்த இடைவெளியே இல்லாமல் போகலாம், கருப்பை கிழியவும் கூடும். இரத்தக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றினால் ஆபத்து தெரிந்தவுடன் நிறுத்திவிடலாம். தசையில் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ‘சீக்கிரம் முடித்துத் தருகிறேன்’ என்று ஊசியோடு வருபவரையும், வயிற்றை மேலிருந்து அழுத்திக் குழந்தையைத் தள்ள முனைபவரையும் தயங்காமல் தடுங்கள்.

இதைப் படித்துவிட்டு எல்லா ஊசியையும் மறுத்துவிடாதீர்கள். குழந்தை பிறந்த பிறகு, வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தாய்க்கு அதே ஆக்ஸிடோசினை 10 அலகு போடுவது இரத்தப்போக்கைத் தடுக்கும் முறையான சிகிச்சை. மருந்து ஒன்றுதான், வேளைதான் வேறு. பிறப்புக்கு முன் குழந்தையின் மூச்சைப் பறிக்கக்கூடிய அந்த ஊசி, பிறப்புக்குப் பின் தாயின் உயிரைக் காக்கிறது. அப்போது மறுத்தால் தாயை இழக்க நேரிடலாம்.

பதிவு செய்யும்போது, நள்ளிரவில் ஒரு குழந்தை மூச்சுவிடாமல் பிறந்தால் யார், எதைக் கொண்டு மூச்சுக் கொடுப்பார் என்று கேளுங்கள். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு மூச்சைத் தொடங்க ஏதேனும் உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலோருக்கு நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்ப்பதோ, பையும் முகமூடியும் கொண்டு காற்றுச் செலுத்துவதோ போதும். ஆனால் காற்றுச் செலுத்துவதை முதல் ஒரு நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். பூட்டிய அலமாரியில் கருவியை வைத்து, சாவியைப் பகலில் மட்டும் வருபவரிடம் கொடுத்துவிட்டு, கணக்கில் ‘கருவி உள்ளது’ என்று எழுதிக்கொள்ளும் நிர்வாகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. வலி தீவிரமான பிறகு குழந்தையின் இதயத்துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், தாய் முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறையும் கேட்பார்களா என்பதையும் விசாரியுங்கள்.

இன்னொரு பொறி, வண்டி ஏற்றிவிடுபவர். தரகுப் பணத்துக்காக, அறுவை அரங்கே இல்லாத இடத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து வேறோர் இடத்துக்கு அனுப்பச் செய்வார். முடிவெடுப்பது, போய்ச் சேருவது, சேர்ந்த பின் சிகிச்சை தொடங்குவது ஆகிய மூன்றிலும் ஏற்படும் தாமதங்களே தாய்மார்களின் உயிரைப் பறிக்கின்றன என்று தாடியஸ், மெயின் என்ற ஆய்வாளர்கள் 1994-இலேயே எழுதிவிட்டார்கள். இன்றும் ஒரு தொலைபேசி அழைப்புகூட இல்லாமல், வெறும் சீட்டோடு பெண்களை அனுப்புகிறார்கள். எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் போவது என்பதை நீங்களே முன்கூட்டித் தீர்மானித்து, ஓட்டுநரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். முதல் பிரசவத்தின் குறிப்புகளை எழுத்தில் கேட்டு வாங்கி, அடுத்த பரிசோதனையிலேயே புதிய மருத்துவரிடம் காட்டுங்கள்.